பட்டறைக் கணக்கு

விழா மலர்களைப் புரட்டுவோர் ஒன்றை அவதானித்திருப்பர். கல்லூரியினின்று வெளியேறியோருட் சிறந்தோரை எடுத்துரைக்கும் பக்கங்களில் வைத்தியர், பொறியியலாளர், நியாயவாதி, கணக்காளர், பேராசிரியர், நிருவாக சேவை உத்தியோகத்தர் என்னும் வரிசை மலருக்கு மலர் மாறாது வரும். அவ்வரிசையிற் குறையொன்றுமில்லை, அவர்கள் எமக்குப் பெருமை தேடித் தந்தவர்களே. ஆயினும் எமது மைதானத்து வேலியின் இரும்புச் சட்டங்களையும், விடுதிச் சாளரங்களின் கம்பிகளையும், தண்ணீர்த் தாங்கியைச் சுமந்து நிற்கும் கால்களையும் செய்தவர் யாரென்று வினவினால் விடை கூறுவோர் அரியர். அவற்றைச் செய்தவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவர் என் தாயாரின் தம்பி, எனக்கு மாமா. தம் பெயர் அச்சேறுவதை அவர் விரும்பவில்லை. "பேரைப் போட்டியெண்டால் அடுத்த நாளே விலை கேட்டு வருவினம், இப்பவே கையிலை வேலை கூட" என்றார். ஆதலின் இக்கட்டுரை முழுவதும் அவர் மாமாவாகவே இருப்பார்.

தமிழ் படிப்பிக்கும் ஒருவன் இரும்பைப் பற்றி எழுதப் புகுவதற்கு நியாயம் கூற வேண்டுமன்றோ? யான் என் பதினான்காம் வயதில், 1993 ஆம் ஆண்டில், மாமாவின் பட்டறைக் கணக்கை எழுதத் தொடங்கினேன். எனது கையெழுத்து நன்றாயிருந்தது என்பதே அதற்குக் காரணம். மாமா எழுதியதை மறுநாள் மாமாவாலேயே வாசிக்க இயலாது. பின்னர் யான் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றபோதும், ஆசிரிய நியமனம் பெற்ற பின்பும், மாலை வேளைகளில் அவ்வேலையை விட்டதில்லை. இப்பொழுது இருபத்தேழு கொப்பிகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு தொழில் எப்படி வளர்ந்தது என்பதை அதன் முதலாளி வாயாற் கேட்பது ஒன்று; அதன் கணக்கை வரிவரியாக எழுதிப் பார்ப்பது பிறிதொன்று. எனக்கு இரண்டும் வாய்த்தன.

மாமா 1975 இல் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினார். பல்கலைக்கழகம் கிட்டவில்லை. அது தரப்படுத்தல் நடைமுறையிலிருந்த காலம். எனினும் மாமா அதன்மேற் பழி போடுவதில்லை. "எனக்கு இரசாயனம் வராது, தம்பி" என்பதே அவர் கூறும் விளக்கம். மூன்றாண்டுகள் கழித்துக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் வேலைத்தளத்திற் பயிலுநராகச் சேர்ந்தார். 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய அத்தொழிற்சாலை அந்நாளில் எமது குடாநாட்டின் பெருந்தொழிலகம். அங்கே சுழன்றுகொண்டேயிருக்கும் சூளைக் குழாய் தடித்த உருக்குத் தகடுகளை வளைத்து ஒட்டியது. அதனைத் திருத்துவோரின் அருகில் நின்றே மாமா ஒட்டுவேலை பழகினார். தொழிற்சாலை என்னும் சொல்லுக்கு ஊரில் மதிப்பிருந்தது. ஆதலால் என் பாட்டனார் பொறுத்துக்கொண்டார். 1985 இல் மாமா அவ்வேலையை விடுத்துச் சுன்னாகத்துக்கு அணித்தாக, காங்கேசன்துறை வீதியோரத்தில், தகரக் கொட்டிலொன்றிலே சொந்தப் பட்டறை தொடங்கியபோது அப்பொறுமை தீர்ந்துவிட்டது. வேளாண்மை செய்யும் வீட்டுப் பிள்ளை இரும்படிக்கப் போவதா என்று அவர் ஆறுமாதம் மகனோடு பேசவில்லை. தொழிலைக் குலத்தோடு பிணைத்துப் பார்க்கும் எமது ஊர் வழக்கம் அது. கலியாணத் தரகர் மாமாவின் சாதகக் குறிப்பைக் கொண்டு சென்ற வீடுகளில், "மாப்பிள்ளை மெசின் வியாபாரம்" என்று கூறினாராம். மாமி இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அக்கொட்டிலில் இருந்தவை ஓர் ஒட்டு இயந்திரம், ஒரு துளைகருவி, ஓர் அடைகல், ஒரு வைஸ். மின்சாரத்தை நம்பிய முதல் அது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது மின்சாரம் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. பெற்றோல், சீமெந்து, இரும்பு, மின்கலம் எவையும் குடாநாட்டுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. ஒட்டு இயந்திரம் மூலையிற் கிடக்க, மாமா ஒரு காரியம் செய்தார். பக்கத்து ஊரில் பரம்பரையாகக் கொல்லுத் தொழில் செய்த முதியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய், உலையூதவும் இரும்பைப் பதம் பார்க்கவும் தமக்குக் கற்பிக்குமாறு கேட்டார். முதியவர் ஒரு கிழமை யோசித்தாராம். "உங்கடை அப்பு எங்களைத் திண்ணைக்கு ஏற விட்டவரோ?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டாராம். மாமா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. மறுநாட் காலை தம் வீட்டு முன் திண்ணையில் ஒரு கதிரை போட்டு, அவரை அழைத்து வந்து இருத்தித் தேநீர் கொடுத்தார். பாட்டனார் உள்ளே போய்விட்டார். அன்று மாலை துருத்தி வேலை தொடங்கிற்று.

செம்மஞ்சளாகக் காய்ந்த இரும்பு எப்போது அடிக்கு இணங்கும், மங்கற் சிவப்புக்கு இறங்கியபின் அடித்தால் ஏன் வெடிக்கும், சிரட்டைக்கரியின் சூடு எவ்வளவு, வில்லுத் தகட்டைத் தோய்ச்சும்போது எண்ணெய் எங்கே தண்ணீர் எங்கே என்பனவெல்லாம் அம்முதியவர் தந்தவை. எரிபொருளின்றி நின்ற லொறிகளின் வில்லுத் தகடுகள் கத்தியாகவும் மண்வெட்டியாகவும் மாறின. எண்ணெய்ப் பீப்பாக்கள் வெட்டித் தட்டப்பட்டுத் தகடாயின. ஒட்ட முடியாத இடத்தில் தறையாணி அடித்து இணைத்தனர். அக்காலத்தில் ஊர் முழுவதும் சைக்கிளின்மீதே நடந்தது. விறகு, நெல், நோயாளி, பிணம் யாவும் அதிலேயே சென்றன. மாமா சைக்கிளுக்குப் பின்னே பூட்டும் இருசில்லு வண்டியொன்றைச் செய்தார். முதல் வண்டி ஒரு பாண் வெதுப்பகத்துக்கு. இரண்டாவது, நடக்கவியலாத தாயாரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல விரும்பிய ஒருவருக்கு. இரண்டும் ஒன்றுபோலிருக்கவில்லை. பாண் வண்டிக்குப் பெட்டி உயரமாகவும் சில்லு சிறிதாகவும் இருந்தது. தாயாரின் வண்டிக்கு இருக்கை தாழ்ந்தும் சில்லு பெரிதாகவும், அச்சுக்கு மேலே பழைய கார் இருக்கையின் சுருள்வில் வைத்தும் இருந்தது. யான் எழுதத் தொடங்கிய முதற் கொப்பியில் இத்தகைய வண்டிகள் நாற்பத்தொன்று பதிந்துள்ளன. விலை சிலவற்றுக்கு ரூபாவிலும், சிலவற்றுக்கு மண்ணெண்ணெய்ப் போத்தலிலும் எழுதப்பட்டுள்ளது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்களோடு நாங்களும் நாவற்குழிப் பாதையால் நடந்தோம். அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். மாமா அடைகல்லை மாட்டுக்கொட்டிலிற் புதைத்துவிட்டு வந்தார். கொப்பிகளை என் புத்தகப் பையிற் போட்டார். அடுத்த ஆண்டு திரும்பியபோது கொட்டிலின் கூரையில்லை, ஒட்டு இயந்திரமில்லை, அடைகல் இருந்தது. உலையைக் கற்பித்த முதியவர் தென்மராட்சியிற் காலமாகியிருந்தார். அவருடைய பேரன் ஒருவனை மாமா அவ்வாண்டே பட்டறைக்கு அழைத்துக்கொண்டார். அவரே இன்று அங்கு தலைமைப் பணியாளர்.

தொழில் வளர்ந்தது 2002 இல் ஏ-9 பாதை திறந்த பின்னரே. லொறி லொறியாக இரும்பு வந்தது. புலம்பெயர்ந்தோர் வந்து வீடுகளைத் திருத்தினர். கேற், கிறில், படிக்கட்டுக் கைபிடி எனக் கேட்போர் பெருகினர். இவ்விடத்தில் எம்மனோர் அறியாத ஒன்றை விளக்கவேண்டும். அளந்து செய்யும் இரும்பு வேலையில் ஒருவர் வீட்டுக் கதவு பிறிதொருவர் வீட்டுக்குப் பொருந்தாது. கடையில் வைத்து விற்கும் பொருளாயின் பழுதானதை மற்றொருவருக்கு விற்கலாம். இங்கே அரை அங்குலம் பிழைத்தால் அது காய்லான் இரும்பு. ஆகையால் இத்தொழிலின் இலாபமெல்லாம் அளவு நாடாவின் நுனியில் இருக்கிறது.

கதவு வைக்கும் வாயிலை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில் அளந்து மிகக் குறைந்ததைக் கொள்ளவேண்டும். பின்னர் இரு மூலைவிட்டங்களையும் அளக்கவேண்டும். அவை சமமில்லையேல் வாயில் சாய்சதுரம். எமது பழைய வீடுகளில் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கும் சுவரைக் காண்பதரிது. சட்டத்தைப் பொருத்தும்போதும் இவ்வாறே. நான்கு மூலைகளையும் முதலிற் புள்ளியாக மட்டும் ஒட்டி, மூலைவிட்டம் பார்த்து, பின்னர் ஒரு மூலையில் ஒட்டினால் அடுத்து அதற்கு எதிர் மூலையில் ஒட்டவேண்டும். ஒட்டிய இடம் ஆறும்போது சுருங்கி இரும்பைத் தன்பக்கம் இழுக்கும். ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போனால் காலையில் நேராயிருந்த கேற் மாலையில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

வெட்டுக் கணக்கோ அதனினும் நுட்பமானது. இருபதடி என்று விற்கப்படும் கம்பியின் நீளம் மெய்யாக 6 மீற்றர்; அஃதாவது 19 அடி 8 அங்குலம். ஐந்தடித் துண்டு நான்கு வேண்டுமென்று ஒரு கம்பியை வாங்குபவன் மூன்று துண்டும், நாலடி எட்டு அங்குலத்து மிச்சமொன்றும் பெறுவான். வெட்டும் தட்டு ஒவ்வொரு வெட்டுக்கும் தன் பங்கைத் தின்பது வேறு. புதிதாகத் தொடங்கிய பட்டறைகள் பலவற்றை அந்த நாலங்குலமே மூடச் செய்தது என்பார் மாமா. எடைக் கணக்கை அவர் மனத்தாலேயே செய்வார். உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதனாற் பெருக்கி, 162 ஆற் பிரித்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். இதை எமது மாணவருக்குச் சொன்னபோது கணித ஆசிரியரே வந்து குறித்துக்கொண்டார். இரசாயனம் வராதவருக்கு இது வந்தது.

பணியாளர் மூவராயிருந்தவரை மாமா எல்லாவற்றையும் தாமே அளந்தார், வாயாற் சொன்னார், வேலை நடந்தது. எட்டுப் பேரானபோது சொல் போதவில்லை. 2003 இல் ஒரு வீட்டுக்காரர், "வலப்பக்கம் திறக்கிற கேற்" என்றார். அளக்கப் போனவர் அவ்வாறே எழுதிவந்தார். பட்டறையில் அவ்வாறே செய்தனர். கொண்டுபோய்ப் பூட்டியபோது பிணைச்சல் மறுபக்கத் தூணில் இருக்கவேண்டுமென்று தெரிந்தது. வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று தெருவைப் பார்த்து வலம் என்றிருந்தார். பட்டறையார் தெருவில் நின்று வீட்டைப் பார்த்து வலம் என்று கொண்டனர். இருவரும் பொய் சொல்லவில்லை. நட்டம் பதினெண்ணாயிரம் ரூபா.

அன்றிரவு மாமா என்னிடம், "தம்பி, நீ தமிழ் வாத்தியாரல்லோ? இதுக்கு ஒரு தமிழ் சொல்லு பாப்பம்" என்றார். இலக்கணத்திலே சுட்டெழுத்துக்களைப் படிப்பிக்கும்போது, இவ்வீடு என்பதும் அவ்வீடு என்பதும் சொல்வோன் நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளைகள் தலையாட்டுவர். அதன் பொருள் பதினெண்ணாயிரம் ரூபாவாக வந்து முன்னே நிற்பதை யான் அன்றுதான் கண்டேன். நாங்கள் இருவரும் கூடி ஓர் அளவுப் படிவம் ஆக்கினோம். அதன் முதல் வரி: "தெருவில் நின்று வீட்டை நோக்கினால் பிணைச்சல் எக்கைப்பக்கம்?" இரண்டாவது: "உட்புறம் திறப்பதோ, வெளிப்புறம் திறப்பதோ?" மூன்றாவது: "திறக்கும் பக்கத்து நிலம் உயர்ந்து செல்கிறதோ?" முற்றம் மேடாயிருந்தால் உட்புறம் திறக்கும் கேற் பாதியில் நிலத்தைத் தட்டும். நான்காவது: "உயரம் எடுத்தது சீமெந்து பூசியபின்னோ, பூசுமுன்னோ?" இவ்வாறு பதினொரு வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு நட்டத்துக்கு நேர். இரு பொருள் படாத வாக்கியத்தை அமைப்பது எத்துணைக் கடினம் என்பதைக் கலாசாலையிற் கற்றதைவிட அப்படிவத்தை எழுதியபோது மிகுதியாகக் கற்றேன். அன்றியும், நாம் வகுப்பிலே சிலேடையைப் பாராட்டுகிறோம். பட்டறையிலே சிலேடைக்கு இடமில்லை.

சுனாமி 2004 டிசெம்பர் 26 இல் வந்தது. மறு ஆண்டு நடுவில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனம், கரையோர வீடுகளுக்கு ஒரே மாதிரியான சாளரக் கிறில்கள் முந்நூற்றைம்பது செய்யக் கேள்விமனுக் கோரியது. அதுவரை மாமா ஒரே பொருளைப் பன்னிரண்டுக்கு மேற் செய்ததில்லை. மாமா மனுச் செய்தார்; கிடைத்தது. இருபக்கமும் விளிம்பு கட்டிய ஒரு மேசைமேற் சட்டத்தை வைத்துப் பூட்டி ஒட்டும் முறையை ஏற்படுத்தியதால் வேலை குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. ஆனாற் பணம் வரவில்லை. அந்நிறுவனத்தின் பொறுப்பாளர் மாறினார், புதியவர் பழைய கடிதங்களைத் தேடினார், அவரும் மாறினார். ஏழு மாதம். இரும்புக் கடைக்காரருக்குக் கொடுப்பதற்கு மாமி தம் தாலிக்கொடியைத் தவிர மற்றைய நகைகளையெல்லாம் அடகு வைத்தார். கொப்பியில் அந்த ஏழு மாதங்களின் பக்கங்களிற் செலவுப் பக்கம் மட்டுமே நிறைந்திருக்கிறது. சிறு வேலைகளை அந்நாட்களில் மறுத்துவிட்டதால் நாளாந்த வரவும் இல்லை. பணம் ஈற்றில் 2006 ஏப்ரலில் வந்தது, முழுவதும் வந்தது. மாமா அதிற் பெரும்பகுதிக்கு இரும்பு வாங்கி அடுக்கினார். ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. அவ்விரும்பு பட்டறையை மேலும் ஒன்றரை ஆண்டு காப்பாற்றிற்று. அதை முன்யோசனை என்று ஊரார் புகழ்ந்தனர்; மாமா அது வெறும் அதிட்டம் என்கிறார். யான் கொப்பியைப் பார்த்துச் சொல்கிறேன்: அதிட்டமே.

அதன் பின்னர் இரண்டு விதிகளை அவர் வகுத்துக்கொண்டார். எந்த ஒரு வாடிக்கையாளரின் வேலையும் ஆண்டு வேலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டலாகாது. அளந்த அன்று அரைவாசி, பட்டறையை விட்டுப் பொருள் புறப்படும்போது காற்பங்கு, பூட்டியபின் எஞ்சிய காற்பங்கு என்று பணம் வரவேண்டும். இவ்விரண்டாவது விதியால் உறவினர் சிலர் மனக்கசப்புற்றனர். அவர்களுட் பெரும்பாலோர் மனக்கசப்புற்றதால் நட்டமொன்றும் ஏற்படவில்லை என்பதும் கொப்பியில் உண்டு.

யுத்தம் முடிந்த பின்னரான ஆண்டுகளைச் சுருக்கமாகவே கூறலாம். 2012 இற் பணியாளர் பதினால்வர். வங்கிக் கடனில் தகடு வளைக்கும் இயந்திரம் வந்தது. தெற்கிலிருந்தும் சீனத்திலிருந்தும் ஆயத்தமாகச் செய்த பொருள்களும், துருப்பிடிக்காத அலுமினியமும் வந்து, கிறில் வேலையிற் பாதியைக் கொண்டுபோயின. எஞ்சியது எவராலும் ஆயத்தமாகச் செய்துவைக்க முடியாத வேலை: கோயிற் சகடையின் அச்சுச்சட்டம், நெல் ஆலையின் ஊட்டுவாய், ஊனமுற்றவர் வீட்டுச் சாய்வுப் பாதை, கூரைச் சட்டகம். மாமா அதைத் தாழ்வாக எண்ணவில்லை. "ஒண்டுபோல ஆயிரம் செய்யிறது மெசினுக்கு வரும், ஒண்டு செய்யிறதுதான் கஷ்டம்" என்பார். கற்று முடித்த பையன்கள் கட்டாருக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களுட் சிலர் அங்கே கப்பல் கட்டும் தளங்களில் ஒட்டுநராக இருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஒருவரையாவது புதிதாகப் பழக்குவதைச் செலவுக் கணக்கில் ஒரு தலைப்பாகவே யான் இப்போது எழுதுகிறேன்.

இனி யான் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். 2022 ஜனவரியில் ஒரு கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு நாற்பதடி அகலத்து இரும்புக் கூரைச் சட்டகங்கள் செய்ய மாமா பரிபாலன சபையாரோடு ஒப்பந்தம் செய்தார். விலை நிச்சயிக்கப்பட்டது, அரைவாசி முற்பணம் வந்தது, அதைக்கொண்டு வேண்டிய இரும்பில் அரைவாசி வாங்கினார். மீதியைச் சேமிக்க இடமில்லை. மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. வாங்கவேண்டிய மீதி இரும்பின் விலை நாங்கள் மனுவிற் போட்டதன் இருமடங்கை அணுகிற்று.

மாமாவின் முன் மூன்று வழிகள் இருந்தன. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகலாம். ஆனாற் கொடுத்த பணத்தின் பெறுமதி அப்போது பாதி. சபையாரிடம் மேலும் பணம் கேட்கலாம். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை. மூன்றாவது வழியைத் தொழிலிலுள்ளோர் எல்லாரும் அறிவர். ஐம்பது மில்லிமீற்றர் அங்கிள் இரும்பு 5 மில்லிமீற்றர்த் தடிப்பில் மீற்றருக்கு ஏறக்குறைய 3.8 கிலோ நிறை. 3 மில்லிமீற்றர்த் தடிப்பில் 2.3 கிலோ. ரெட் ஒட்சைட் பூசி, மேலே தீந்தையும் பூசி, இருபதடி உயரத்தில் ஏற்றிய பின்பு இதுவோ அதுவோ என்று கண்ணாற் கூற ஒருவராலும் இயலாது. 2008 நவம்பரில் வந்த நிஷா புயல் போல ஒன்று வரும்வரை கூரையும் ஒன்றும் கூறாது. அவ்வாண்டு அவ்வாறு செய்யப்பட்ட கூரைகள் எமது பிரதேசத்தில் இல்லை என்று சத்தியம் செய்ய யான் ஆயத்தமில்லை. பட்டறையில் ஓர் இளைஞர் அதைப் பேச்சில் எடுத்தார். தலைமைப் பணியாளர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். மாமா பேசவில்லை.

அன்று மாலை சபையாருக்கு ஒரு கடிதம் எழுதுமாறு கூறினார். யான் எழுதினேன். நாடு எதிர்நோக்கும் நெருக்கடி, இறைபணியில் எமக்குள்ள பற்று, தங்கள் பெருந்தன்மையை வேண்டி நிற்றல் என்றெல்லாம் இரண்டு பக்கம் வந்தது. மாமா முழுவதையும் வாசித்தார். "நல்லா இருக்கு. ஆனால் இரக்கம் கேக்கிற கடிதம் வேண்டாம், தம்பி. எடையை எழுது" என்றார். மறுபடி எழுதியது அரைப் பக்கம். வேண்டிய மொத்த இரும்பு எத்தனை கிலோ. வாங்கியது எத்தனை, என்ன விலைக்கு. வாங்கவேண்டியது எத்தனை, இன்றைய விலை என்ன. கடைப் பற்றுச்சீட்டுகளின் பிரதிகள். கூலியிலும் ஆதாயத்திலும் ஒரு சதமும் கூட்டிக் கேட்கவில்லை என்பது. விரும்பினால் வந்து தராசிற் போட்டுப் பார்க்கலாம் என்பது. கீழே கையொப்பம். தமிழ்க் கடிதம் என்ற வகையில் அது வறண்டது. யான் எழுதிய கடிதங்களுள் அதற்கு நிகரானது வேறில்லை.

சபையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒப்பந்தம் ஒப்பந்தமே என்றார் ஒருவர், அதுவும் நியாயமே. வேறிடத்தில் விலை கேட்போம் என்றார் மற்றொருவர், கேட்டனர், விலை சொல்லவே எவரும் முன்வரவில்லை. ஈற்றில் மூவர் பட்டறைக்கு வந்தனர். மாமா வாங்கி வைத்திருந்த இரும்பைக் கட்டுக்கட்டாகத் தராசில் ஏற்றிக் காட்டினார். கடிதத்திற் கண்டதற்கும் தராசு காட்டியதற்கும் ஒன்பது கிலோ வேறுபாடு, கூடுதலாக. வந்தவருள் மூத்தவர், மீதி இரும்பின் மேலதிக விலையைச் சபை மூன்று தவணையிற் கொடுக்கும் என்று கூறிச் சென்றார். இறுதித் தவணை 2023 தைப்பொங்கலுக்கு முதற்கிழமை வந்தது. சட்டகங்கள் 5 மில்லிமீற்றர் இரும்பில் நிற்கின்றன.

இதை மாமாவின் நேர்மைக்குச் சான்றாக மட்டும் எழுதிவிட்டால் கணக்கெழுதுபவன் பாதியை மறைத்தவனாவேன். கூலியைக் கூட்டிக் கேட்கவில்லை என்றோமல்லவா? அரிசி விலை ஏறிய அவ்வாண்டில் பதினான்கு பேரின் கூலி அவ்வேலை முடியும்வரை ஏறவில்லை. மாமா தமக்கென ஒன்றும் எடுக்கவில்லை என்பது உண்மை. மதிய உணவைப் பட்டறையிலேயே சமைப்பித்துக் கொடுத்தார் என்பதும் உண்மை. ஆயினும் வாக்குக் கொடுத்தவர் ஒருவர். அதற்காக வயிற்றைக் கட்டியவர் பதினைவர். இருவர் விலகி வெளிநாடு போயினர். அவர்களுள் ஒருவர் மாமா தம் கையாற் பழக்கிய மிகச் சிறந்த ஒட்டுநர். கூலிக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்று யான் அன்றே கூறினேன். "கேட்டிருந்தால் தராசைப் பார்க்க வந்திருக்கமாட்டினம்" என்பது மாமாவின் மறுமொழி. இவ்விடயத்தில் நாங்கள் இருவரும் இன்னும் உடன்படவில்லை. தலைமைப் பணியாளரைக் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்து, "வாத்தியார், மெல்லிய இரும்பை நான் ஒட்டியிருக்கமாட்டன். ஆனால் அந்த மாசம் என்ரை மேள் பால்மா குடிக்கேல்லை" என்றார். அவர் சொன்னதில் எதையும் கழிக்க என்னால் முடியவில்லை.

அதன் பின்னர் விலைமனுக்களில் ஒரு வரி சேர்ந்தது: இவ்விலை பதினான்கு நாட்களுக்கு மட்டுமே செல்லும், இரும்பும் கூலியும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. கூலியைத் தனியே காட்டுவது இத்தொழிலில் வழக்கமன்று. வாடிக்கையாளர் சிலர் அத்தொகையைப் பார்த்து, இரும்படிக்க இவ்வளவோ என்று கேட்பதுண்டு. அவர்களை மாமா உள்ளே அழைத்து, ஒட்டுபவரின் அருகே கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் பத்து நிமிடம் நிற்கச் சொல்வார். பெரும்பாலோர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து ஒப்புக்கொள்வர்.

மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. மகன் கனடாவில் இருக்கிறார். மகள் கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடத்தில் இறுதியாண்டு பயில்கிறார். விடுமுறை நாட்களில் வந்து சட்டகங்களின் படத்தைக் கணினியில் வரைகிறார். பட்டறையை அவர் ஏற்பாரோ என்று மாமி கேட்பதில்லை, மாமா கேட்பதேயில்லை. தலைமைப் பணியாளருக்கு மூன்றிலொரு பங்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் வரைவு என் மேசையில் இருக்கிறது. அதிலும் இரு பொருள் படும் வாக்கியம் ஒன்றை மகள் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறார். எமது கல்லூரியின் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவரை ஆண்டுக்கொருமுறை யான் அங்கு அழைத்துச் செல்வேன். சென்ற முறை, மாமா அவர்களிடம் ஓர் அளவு நாடாவைக் கொடுத்துப் பட்டறையின் வாயிலை அளக்கச் சொன்னார். ஒன்பது பேர் ஒன்பது அளவு சொன்னார்கள். "எல்லாத்தையும் எழுதுங்கோ" என்றார்.

கடந்த மாரியில் ஈரமான வெல்டிங் றொட்டுகளை வெயிலிற் காயவைத்துக்கொண்டிருந்தவர், அளவுப் படிவத்தில் பன்னிரண்டாவது வரியொன்று வேண்டுமென்றார். கடலுக்கு எத்தனை யார் தூரம் என்பது அவ்வரி. கரையோர வீட்டுக்குச் செய்த கேற் ஒன்று மூன்றாண்டில் உள்ளிருந்தே துருவேறி இற்றுவிட்டதாம். யார் என்பதை மீற்றர் ஆக்கலாமோ என்று கேட்டேன். அளக்கப் போகிறவர்கள் காலடியால்தான் அளப்பார்கள், யாரே இருக்கட்டும் என்றார்.